டெல்லி கணேஷ்

டெல்லி கணேஷ் (ஆகஸ்ட் 1, 1944 - நவம்பர் 9, 2024) தமிழ்த் திரைப்பட, தொலைக்காட்சி, மேடை நாடக நடிகர் ஆவார். 400-க்கும் மேற்பட்ட திரைப்படங்களில் பெரும்பாலும் துணைப் பாத்திரங்களில் நடித்தவர். குணச்சித்திரம், நகைச்சுவை, எதிர்மறைப் பாத்திரம் ஆகிய மூன்றிலும் அறியப்பட்டவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இவரது இயற்பெயர் கணேசன். இவர் பிறந்த வல்லநாடு இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. பெயரைக் கொண்டு இவரைத் தில்லியைச் சேர்ந்தவர் எனக் கருதுவது பொருந்தாது. இவர் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். தில்லியில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். "டெல்லி கணேஷ்" என்ற திரைப்பெயரை இவருக்கு இட்டவர் இயக்குநர் கே. பாலச்சந்தர். அவர் இயக்கிய பட்டினப் பிரவேசம் (1977) இவரது முதல் திரைப்படமாகும்.

திரைப்படங்கள்

துரை இயக்கிய பசி (1979) திரைப்படத்தில் சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் ரிக்சா இழுப்பவராக நடித்தார். எங்கம்மா மகாராணி (1981) இவர் கதாநாயகனாக நடித்த படம். எனினும் இவரை நிலைநிறுத்தியவை துணைப் பாத்திரங்களே. சிந்து பைரவியில் (1985) குடிப்பழக்கம் உள்ள மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தியாகத் தோன்றினார். குடியைக் கண்டித்து இவரை ஒதுக்கும் பாடகரே பின்னர் குடிக்கு அடிமையாவதால், சிறிய அளவினதாகிய இப்பாத்திரம் கதைக்கு இன்றியமையாததாகிறது.

கமல்ஹாசனுடன் இணைந்து நடித்த படங்கள் இவரது நடிப்பின் வீச்சைக் காட்டுகின்றன. நாயகனில் (1987) வேலு நாயக்கரின் நெருங்கிய துணைவரான ஐயர். அபூர்வ சகோதரர்களில் (1989) கொடியவர் நால்வருள் ஒருவர். மைக்கேல் மதன காமராஜனில் (1990) பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் மணி ஐயர். அவ்வை சண்முகியில் (1996) செயலர் சேதுராமன். திருமண விருந்துக்கான சாம்பாரில் மீன் விழுந்துவிடும் மைக்கேல் மதன காமராஜன் காட்சியில், பிறர் அறியாமல் அதை மறைக்க வேண்டிய பதற்றமே நகைச்சுவையாகிறது.

நெல்லைச் சீமையில் பிறந்த இவர், சென்னைக் குடிசைவாசிகளின் பேச்சையும் பாலக்காட்டு வழக்கையும் பாத்திரத்திற்கேற்பக் கையாண்டார். பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்துள்ளார். 47 நாட்கள் (1981) படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவர் இவரே.

தொலைக்காட்சி

1990-களில் தனியார் தொலைக்காட்சிகள் பெருகியபோது பல திரைப்பட நடிகர்கள் தொடர்களிலும் நடிக்கத் தொடங்கினர். இவரும் மர்மதேசம், கஸ்தூரி, செல்லமே முதலிய தொடர்களில் நடித்தார். திரைப்படத்தில் சில காட்சிகளில் மட்டுமே தோன்றிய இவரை, நெடுந்தொடர்கள் வீடுகளுக்குள் அன்றாடம் கொண்டுசேர்த்தன.

விருதுகள்

* பசி படத்திற்காகத் தமிழ்நாடு அரசின் சிறப்புத் திரைப்பட விருது
* தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது (1994)

மறைவு

2024 வரை தொடர்ந்து நடித்து வந்த டெல்லி கணேஷ், 2024 நவம்பர் 9 அன்று இரவு சென்னையில் தமது 80-ஆவது அகவையில் காலமானார். முன்னாள் வீரர் என்ற முறையில் இந்திய விமானப்படையினர் அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர்.