ராணுவத்திலிருந்து வந்த வண்டி

மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நர்மதை ஆறு அந்த ஊர் ஓரமாகப் போகிறது. அங்கே என் மாமா வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். மாமா ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே தங்கிவிட்டார்.

2022ஆம் ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மாமா வீட்டில் சில மாதம் இருந்தேன். அப்போது ஒரு நாள் ஒரு டிராக்டர் பட்டறைக்கு வந்தது. அதன் பின்னால் கயிறு கட்டி ஒரு பழைய வண்டியை இழுத்து வந்தார்கள்.

முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்பக்கம் திறந்த தொட்டி. மேலே போர்த்திய கான்வாஸ் கிழிந்து தொங்கியது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஆனால் மாமா முகத்தில் சிரிப்பு.

"வாடா ராஜா! உன்னை எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறேன்!" என்று வண்டியின் மூக்கைத் தட்டிக் கொடுத்தார்.

அது ஒரு ஜோங்கா வண்டி.

ஜோங்கா என்றால் என்ன?

ஜபல்பூரில் ராணுவ வண்டிகள் செய்யும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. 1969இல் தொடங்கியது. ஜப்பான் நாட்டின் நிசான் கம்பெனியிடம் உரிமம் வாங்கி, அவர்களுடைய பேட்ரோல் வண்டியை இங்கே செய்தார்கள். அந்த வண்டிக்கு ஜோங்கா என்று பெயர் வைத்தார்கள். ஜபல்பூர் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஜோங்கா என்று வரும்.

எஞ்சின் பெரியது. ஆறு சிலிண்டர். ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளளவு. பெட்ரோலில் ஓடும். வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும். அதனால் சேற்றிலும் மலையிலும் ஏறும். 1999இல் இந்த வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

ராணுவம் பழைய வண்டிகளைக் கழித்து ஏலம் விடுகிறது. அப்படி வெளியே வந்த ஜோங்காக்கள் பல ஊர்களில் ஓடுகின்றன. சில ஊர்களில் மரத்தடியில் துருப்பிடித்து நிற்கின்றன.

எங்களிடம் வந்த வண்டியின் சாம்பல் நிறப் பெயிண்ட் உரிந்திருந்தது. அடியில் பச்சை. பச்சையில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. அதன் பக்கத்தில் 87 என்ற எண். ராணுவ வண்டி எண் இப்படித்தான் தொடங்கும். அம்புக்குறிக்குப் பிறகு வரும் இரண்டு எண்கள் வண்டியை வாங்கிய ஆண்டைக் காட்டும். ஆக, இது 1987இல் ராணுவத்தில் சேர்ந்த வண்டி.

முதலில் காகிதம்

வண்டிக்காரர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. ஓடை தாண்டி அவருக்கு நிலம். மழைக்காலத்தில் வேறு வண்டி போகாது. உரமும் குழாயும் எடுத்துப்போக இதை வாங்கியிருந்தார். வியாபாரியிடம் பாதிப் பணம் கொடுத்துவிட்டார். மீதி அடுத்த வாரம்.

"உஸ்தாத், முதலில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ராணுவப் பச்சை. அண்ணன் மகன் கல்யாண ஊர்வலத்தில் இதுதான் முன்னால் போக வேண்டும்" என்றார். அந்தப் பக்கத்தில் கைதேர்ந்த மெக்கானிக்கை உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள்.

"பெயிண்ட் கடைசியில். முதலில் காகிதத்தைக் காட்டுங்கள்" என்றார் மாமா.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று எஞ்சின் எண். மற்றொன்று சேசிஸ் எண். சேசிஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம். அந்த எண்ணை இரும்பிலேயே குத்தியிருப்பார்கள். காகிதத்தில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வண்டி உங்களுடையது என்று சொல்ல முடியாது. போலீஸ் பிடித்தால் திருட்டு வண்டியா என்று கேட்பார்கள்.

விவசாயி, "வியாபாரி படித்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது" என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

மாமா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ படி."

சட்டத்தின் மேல் தடிமனாகப் பெயிண்ட் படிந்திருந்தது. பார்த்தால் கடைசி எண் 3. காகிதத்திலும் 3. நான் சரி என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பெயிண்ட் கரைக்கும் மருந்து தடவினார். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எண்ணின் மேல் வைத்தார். பென்சிலைப் படுக்கவைத்து தாள் மேல் தேய்த்தார். எண்கள் தாளில் பளிச்சென்று விழுந்தன.

கடைசி எண் 3 இல்லை. 8!

எட்டின் இடப்பக்கக் குழியைப் பெயிண்ட் மூடியிருந்தது. அதனால் மூன்றாகத் தெரிந்திருக்கிறது.

விவசாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியின் நகையை வைத்துப் புரட்டிய பணம் அது.

அன்று மாலையே மூவரும் வியாபாரியிடம் போனோம். அவரிடம் இன்னொரு ஜோங்கா நின்றது. அதன் சேசிஸ் எண் 3இல் முடிந்தது. இரண்டு வண்டிகளின் புத்தகமும் மாறிப் போயிருந்தன. தவறா, வேண்டுமென்றே செய்ததா? எனக்குத் தெரியாது. பாதிப் பணம் நம் கையில் இருந்ததால் வியாபாரி பேசாமல் சரியான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். முழுப் பணமும் கொடுத்திருந்தால் அலைய வைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

வண்டி வாங்கும்போது இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். சொந்த வண்டியாகப் பதிவானதா, சரக்கு வண்டியாகவா? சொந்த வண்டி என்றால் வாடகைக்குப் பாரம் ஏற்றக் கூடாது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். டில்லி போன்ற இடங்களில் பழைய வண்டிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஏலத்திலிருந்து நேராக வந்த வண்டியை உடைத்து இரும்பாக விற்க மட்டுமே அனுமதி இருக்கலாம். இதையெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

சட்டமும் எஞ்சினும்

மறுநாள் மாமா ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போனார். சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். உள்ளே துரு தின்ற இரும்பு 'தொப்' என்று கேட்கும். ஓர் இடத்தில் மட்டும் 'தொப்' கேட்டது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்தார். அதன் மேல் பட்டி பூசி மறைப்பவர்கள் உண்டு. பட்டி பாரம் தாங்குமா?

ஒன்றைக் கவனித்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி மாமா ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகமாட்டார். தடித்த மரக்கட்டைகளைச் சட்டத்துக்குக் கீழே அடுக்குவார். வண்டியை ஆட்டிப் பார்ப்பார். பிறகுதான் உள்ளே போவார்.

எஞ்சின் பல வருடம் ஓடவில்லை. விவசாயி பேட்டரி வாங்கி வந்து, "சாவி போடலாமா?" என்றார். மாமா தடுத்தார். ஓடாத எஞ்சின் உள்ளே காய்ந்து கிடக்கும். எண்ணெய் இல்லாமல் திடீரென்று சுற்றினால் உரசித் தேயும்.

ஆறு பிளக்குகளையும் கழற்றினோம். ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டோம். இரண்டு நாள் சும்மா விட்டோம். பிறகு முன்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பினார் மாமா. முதலில் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

பழைய ஆயிலை வடித்தோம். அது கறுப்பாக இருந்தது. "கறுப்பு பரவாயில்லை. பால் ஊற்றிய காபி போல இருந்தால்தான் பயம். தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம்" என்றார் மாமா.

பெட்ரோல் டேங்கில் துருவும் பிசினும் இருந்தன. டேங்கின் அடியில் ஓட்டை. வெல்டிங் வைத்தால் என்ன என்று பட்டறைப் பையன் கேட்டான். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்ரோலை ஊற்றிவிட்டாலும் அதன் ஆவி உள்ளேயே இருக்கும். நெருப்புப் பொறி பட்டால் டேங்க் வெடிக்கும். இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். வேறு டேங்க் செய்து மாட்டினோம்.

வயர்களை எலி கடித்திருந்தது. கார்பரேட்டரைக் கழுவினோம். ரேடியேட்டர் குழாய்களை மாற்றினோம். எஞ்சின் ஓடியது. பட்டறையே அதிர்ந்தது! விவசாயி கை தட்டினார்.

நிற்பது பெரிய வேலை

"இனி ஓட்டிப் போகலாமா?" என்று கேட்டார்.

"ஓட வைத்தாயிற்று. நிறுத்த வைக்கவில்லையே" என்றார் மாமா.

ஜோங்காவின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. சக்கரத்தில் உள்ள சின்னச் சிலிண்டருக்கு அந்த அழுத்தம் போகிறது. அது லைனிங்கை டிரம்மின் மேல் அழுத்துகிறது. சக்கரம் நிற்கிறது.

அழுத்தம் வெளியே போகாமல் தடுப்பவை சின்ன ரப்பர் கப்புகள். அவை ஒழுகினால் பெடல் தரை வரை போகும். வண்டி நிற்காது. டன் கணக்கில் எடை உள்ள வண்டி இறக்கத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் வண்டியில் ஒரு வேடிக்கை. ரப்பர் கப்புகள் எல்லாம் வீங்கி, அப்பளம் போல நெளிந்திருந்தன. முன்பு யாரோ எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். 'பிரேக் ஆயில்' என்று நாம் சொல்வதால் வந்த குழப்பம் இது. ஆயில்தானே என்று எதையாவது ஊற்றிவிடுகிறோம். எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் இந்த ரப்பரைக் கெடுக்கும். பிரேக்குக்கென்று டப்பாவில் வரும் திரவத்தை மட்டுமே ஊற்ற வேண்டும். அதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம்.

டிரம்மைத் திறந்தால் உள்ளே சாம்பல் போலத் தூசி இருக்கும். வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் தரும். மாமா முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்தார். அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாக வைத்தார். ராணுவத்தில் அவர் கூட வேலை பார்த்தவர்கள் பல வருடம் அதை வாயால் ஊதித்தான் சுத்தம் செய்தார்களாம்.

எல்லா ரப்பரும் மாற்றினோம். ஒரு குழாய் அரித்திருந்தது. அதையும் மாற்றினோம். பிறகு குழாயில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் பெடலை மிதித்துப் பிடித்தேன். மாமா சக்கரத்தில் உள்ள சின்னத் திருகைத் திறந்தார். ரப்பர் குழாய் வழியே பாட்டிலில் குமிழிகள் வந்தன. திருகை மூடியதும் நான் காலை எடுத்தேன். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கினோம். குமிழி வராத வரை இப்படியே செய்தோம். கடைசியில் பெடல் கல் போல நின்றது. என் கால்தான் வலித்தது.

ராணுவ வண்டியின் சக்கரம் பற்றி ஓர் எச்சரிக்கை. சில வண்டிகளில் ரிம் இரண்டு துண்டுகளாக இருக்கும். போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைக் கழற்றினால் ரிம் பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். முதலில் காற்றை முழுவதும் இறக்க வேண்டும்.

பச்சை வேண்டாம்

கடைசியில் பெயிண்ட். விவசாயி பச்சை டப்பாவை வாங்கியே வந்துவிட்டார்.

"இந்தப் பச்சையை அடித்தால் ரோட்டில் பிடிப்பார்கள்" என்றார் மாமா. உண்மைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி இதைச் சொல்கிறது. ராணுவப் பச்சை பாதுகாப்புத் துறையின் வண்டிகளுக்கு மட்டுமே. வாங்கியவர் வேறு நிறம்தான் அடிக்க வேண்டும். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ராணுவ எண்ணையும் அழித்துவிட வேண்டும்.

விவசாயிக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் பச்சைக்காகவே வண்டி வாங்கியவர் போல இருந்தார். பிறகு அவரே மஞ்சள் என்றார். கல்யாணத்துக்கு மஞ்சள் நல்லதாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று அதையும் ஈரம் வைத்தே தேய்த்தோம்.

வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. வண்டி விலையில் பாதி அளவு செலவும் ஆனது. பட்டறைக்குப் பின்னால் திறந்த மைதானத்தில் மெதுவாக ஓட்டி, பத்து முறை நிறுத்திப் பார்த்தார் மாமா. பிறகே சாவியைக் கொடுத்தார்.

"நாலு சக்கர கியரைச் சேற்றில் மட்டும் போடுங்கள். தார் ரோட்டில் போட்டால் கியர்கள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கெட்டுப் போகும். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் கொடுக்கும். பெட்ரோல் செலவைக் கேட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்."

விவசாயி சிரித்தார். பிறகு என்னிடம் வந்து, பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டச் சொன்னார். அதில் உள்ள எழுத்துகளை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்து, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.