உடம்பு இளைத்தது, உடை இளைக்கவில்லையே!

"உடம்புக்கு என்ன?"

பருமனைக் குறைத்தவர்கள் பலர் சந்திக்கும் முதல் கேள்வி இதுதான்.

விடியற்காலையில் எழுந்து நடந்திருப்பார்கள். சோற்றைக் குறைத்திருப்பார்கள். பலகாரத் தட்டைப் பார்த்தும் பாராதது போல இருந்திருப்பார்கள். ஆறு மாதம் பாடுபட்டு 8 கிலோ குறைத்திருப்பார்கள். "பிரமாதம்!" என்று நாலு பேர் சொல்ல வேண்டாமா? அதுதான் இல்லை. "சர்க்கரை வியாதியா?" என்று கேட்கிறார்கள்!

கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. குறை உடையில் இருக்கிறது.

இளைத்த உடம்பில் பழைய சட்டை தொங்கினால், நோயில் விழுந்து எழுந்தவர் போலத்தான் தோன்றும். தோள் இறங்கும். கழுத்து ஒட்டியது போல் இருக்கும். அதே ஆள் அளவான சட்டை போட்டு வந்தால், பத்து வயது குறைந்தது போல் இருப்பார்.

அவசரம் வேண்டாம்

அதற்காக, 2 கிலோ குறைந்த உடனே துணிக்கடைக்கு ஓட வேண்டாம்.

வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே நல்லது என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால், 10 கிலோ குறையப் பல மாதம் ஆகும். இன்று வாங்கும் சட்டை இரண்டு மாதத்தில் தொளதொளத்துவிடும்.

எனவே, இடைக்காலத்துக்கு இரண்டு மூன்று உடைகளை மட்டும் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். எடை ஒரே அளவில் சில மாதம் நின்ற பிறகு புதிது வாங்கலாம்.

வேட்டி கட்டுகிறவருக்கு இந்தக் கவலை பாதி இல்லை. சேலையும் அப்படித்தான். எந்த உடம்புக்கும் வளைந்து கொடுக்கும். தொல்லை கொடுப்பது ரவிக்கைதான்.

அளவு ரவிக்கை

ரவிக்கையின் பக்கத் தையலைப் பிடித்தால் மார்பும் இடுப்பும் சரியாகும். ஆனால் தோளும் கைக்குழியும் சரியாகாது. கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவினால், அந்த ரவிக்கையை விட்டுவிடுவதே மேல்.

பல பெண்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. புதுத் துணியோடு பழைய "அளவு ரவிக்கை"யைக் கொடுத்து விடுகிறார்கள்! தையல்காரர் என்ன செய்வார்? பழைய உடம்புக்கே தைத்துக் கொடுப்பார். இளைத்த பிறகு உடம்பில் நாடா வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

அளவு கொடுக்கும் முன் உள்பாடியை மாற்றுங்கள். பழைய உள்பாடியோடு எடுத்த அளவு சரியாக இராது. உள்பாடியைத் தாங்க வேண்டியது மார்பைச் சுற்றி வரும் பட்டை. தோள் வார் அல்ல.

புது ரவிக்கையில் உள்ளே கொஞ்சம் துணி விட்டு, இரண்டு மூன்று தையல் போடச் சொல்லுங்கள். எடை கூடினாலும் குறைந்தாலும் கை கொடுக்கும்.

நாடாவில் ஆபத்து

இளைத்தவர்கள் பழைய பாவாடையைச் சுருக்கி, நாடாவை இறுக்கிக் கட்டுகிறார்கள். இது கூடாது.

ஒரே இடத்தில் நாடா ஆண்டுக்கணக்கில் இறுக்கினால் தோல் கறுக்கும், புண்ணாகும். ஆறாத புண் மிக அரிதாகப் புற்றுநோயாக மாறுவதும் உண்டு. இடுப்பில் இப்படிப் புற்றுநோய் வந்த முதிய பெண்கள் இருவரைப் பற்றி, மராட்டியம், பீகார் மாநில டாக்டர்கள் 2024-ம் ஆண்டில் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

மெல்லிய கயிற்று நாடாவை விட அகலமான பட்டை நல்லது. முடிச்சைத் தளர்த்திக் கட்டுங்கள். கட்டும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோணிப்பை வாய்!

ஆண்கள் செய்வது என்ன? பெல்ட்டில் புது ஓட்டை போடுகிறார்கள். பேண்டு, கட்டிய கோணிப்பை வாய் போல் சுருங்கி நிற்கிறது!

பேண்டைப் பின்பக்க நடுத் தையலில் பிடிக்கலாம். ஒன்று அல்லது இரண்டு அங்குலம் பிடித்தால் தெரியாது. அதற்கு மேல் போனால், பின்பைகள் இரண்டும் நெருங்கி முட்டிக்கொள்ளும்.

சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது தோள். தோள் தையல், தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கைப்பக்கம் இறங்கினால், பக்கத்தைப் பிடித்துப் பயன் இல்லை. கழுத்துப் பித்தானைப் போட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் சரி. நாலு விரல் நுழைந்தால், அது இனி உங்கள் சட்டை அல்ல.

கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. உட்காருங்கள். கையைத் தூக்குங்கள். குனியுங்கள். பித்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கிறதா என்று பாருங்கள்.

நிறையக் குறைத்தவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் தோல் தொய்வது உண்டு. இதில் வெட்கம் எதற்கு? முழங்கை வரை கை வைத்த உடையும், ஒட்டாத பருத்தித் துணியும் போதும்.

எண்ணை நம்பாதீர்கள்

"எனக்கு 38 போதும்" என்று வாங்கிவிடாதீர்கள். ஒரு கம்பெனியின் 38, இன்னொரு கம்பெனியின் 40-க்குச் சமமாக இருக்கும். இந்தியர் உடம்புக்கு ஏற்ற பொது அளவு காண, 6 நகரங்களில் 25,000 பேரை அளவெடுக்கும் திட்டத்தை "நிப்ட்" என்ற ஆடைக் கல்வி நிறுவனம் கையில் எடுத்தது.

பேண்டு எண்ணும் உண்மை சொல்லாது. தொந்தி உள்ளவர் தொந்திக்குக் கீழே பேண்டு போடுகிறார். எண் 36 என்று இருக்கும். வயிறு 40 ஆக இருக்கும்!

அளவு நாடாவே மெய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே வைத்து அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. அதற்குள் இருப்பது நல்லது.

பழைய துணி என்ன ஆவது?

"திரும்பவும் பெருத்தால் வேண்டுமே" என்று பெட்டி நிறையப் பெரிய உடைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்றை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேவையானவர்களுக்குக் கொடுங்கள். மீண்டும் எடை ஏறினால் உடை இறுக்கும். அதுவே எச்சரிக்கை மணி!

"இன்னும் இளைத்த பிறகு போடலாம்" என்று சிறிய உடை வாங்கி வைப்பதும் வீண். இன்று இருக்கும் உடம்புக்கு இன்று உடை வேண்டும்.

பாடுபடாமல் இளைத்தால்?

கடைசியாக ஒன்று. இதுவே முக்கியமானது.

நடக்கவும் இல்லை, சாப்பாட்டைக் குறைக்கவும் இல்லை. ஆனாலும் சட்டை தொளதொளக்கிறது. மோதிரம் கழன்று விழுகிறது. இதைக் கண்டு மகிழக் கூடாது.

ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள், காரணம் தெரியாமல் நூற்றுக்கு 5 பங்கு எடை குறைந்தால் கவனிக்க வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு இது வெறும் 3 கிலோதான். சர்க்கரை வியாதி, காசநோய், தைராய்டு கோளாறு, புற்றுநோய் என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

"உடம்புக்கு என்ன?" என்று அப்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். போக வேண்டிய இடம் தையல் கடை அல்ல. ஆஸ்பத்திரி!