ஃப்ளூ வைரஸும் செல்லின் குப்பைப் பொட்டலமும்

இன்ஃபுளுயன்சா ஏ வைரஸ் தொற்றிய செல்லுக்குள், கட்டி முடித்த குப்பைப் பொட்டலங்கள் போக வழியில்லாமல் குவிந்து கிடக்கும். நல்ல நிலையில் இருக்கும் செல்லில் இப்படித் தேங்காது. பழுதான புரதமோ, கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவோ, ஊடுருவிய கிருமியோ, எதுவானாலும் இரட்டைச் சவ்வால் சுற்றி லைசோசோமுக்கு அனுப்பி, அங்கே செரித்துவிடும். தன்னுண்ணல் எனப்படும் ஆட்டோஃபேஜி இதுதான். ஈஸ்ட்டில் இதற்கான மரபணுக்களைத் தேடிப் பிடித்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பொட்டலம் லைசோசோமோடு இணையாமல் மறிப்பது எம்2 என்ற வைரஸ் புரதம் என்று 2009இல் தெரியவந்தது. மொத்தமே 97 அமினோ அமிலம். நான்கு எம்2 ஒன்றுகூடினால் சவ்வில் புரோட்டான் புகும் துளை ஒன்று உருவாகும். வைரஸ் உள்ளே நுழையும்போது தன் ஆர்என்ஏவை அவிழ்க்கவும் இதே துளைதான் உதவுகிறது. அமான்டடின் என்ற பழைய மருந்து அடைத்தது இதைத்தான். இன்று பரவும் வைரஸ்களிடம் அந்த மருந்து பலிப்பதில்லை.

இதில் ஒரு புதிர். பொட்டலப் பாதையை மறித்ததால் வைரஸின் பெருக்கம் கூடவில்லை. தொற்றிய செல்தான் சீக்கிரம் செத்தது. பிறகு எதற்கு இந்த வேலை?

ஒரு துப்பு 2014இல் கிடைத்தது. பொட்டலச் சவ்வில் எல்சி3 என்ற புரதம் ஒட்டியிருக்கும். செல்லின் உட்புறமாக நீளும் எம்2வின் வாலில் ஃபீனைல்அலனின், வேலின், செரின், ஐசோலூசின் என நான்கு அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்சி3யைப் பிடிக்க செல்லின் சொந்தப் புரதங்கள் வைத்திருக்கும் கொக்கியும் இதே மாதிரிதான். அதைக் கொண்டு எம்2, எல்சி3யைச் செல்லின் வெளிச்சவ்வுக்கு இழுத்துவருகிறது. புது வைரஸ்கள் மொட்டுவிட்டுப் பிரிவது அங்கேதான். கொக்கியை முறித்த வைரஸ்களில் இழைபோல் நீண்டவை குறைந்தன. வெளிவந்தவையும் எளிதில் சிதைந்தன. தன்னை ஒழிக்க வேண்டிய ஏற்பாட்டிலிருந்தே உறுதியைக் கடன் வாங்குகிறது வைரஸ்!

ஆனால் செல்லை ஏமாளி என்று எழுதிவிட முடியாது. எம்2வின் துளை உள்ளறைகளின் அமிலத்தைக் குலைத்ததும் செல் அதை உணர்ந்து, பொட்டலம் கட்டாமலே, ஒற்றைச் சவ்வுகளின் மேல் எல்சி3யைப் பூசத் தொடங்குகிறது. வைரஸ் இழுத்துவரும் எல்சி3யில் இந்தப் பூச்சுக்கும் பங்குண்டு. அப்படியானால் ஆதாயம் யாருக்கு? எனக்கென்னவோ இருவருக்கும் என்றே படுகிறது. பூச்சு வேலையை மட்டும் செய்யவிடாமல் மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு ஃப்ளூவைத் தொற்றவைத்தார்கள். அவற்றின் நுரையீரலில் வைரஸ் மிகுதியாகப் பெருகி, சாவும் கூடியது.