புதிய பங்கு யாருக்குப் போகிறது?

2024 அக்டோபரில், தேவராவை ஒட்டிய பெருமானூரில் இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் பங்குகளில் 5 சதவீதம் வரை விற்க மத்திய அரசு முன்வந்தது. குறைந்தபட்ச விலை 1,540 ரூபாய். வந்த பணம் முழுக்க அரசுக்கு. கப்பல் தளத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இருந்த பங்குகள் கைமாறின, அவ்வளவுதான். நிறுவனத்துக்கே மூலதனம் வேண்டுமானால் புதிய பங்குகளை வெளியிட வேண்டும்.

ஆலுவாவைத் தலைமையகமாகக் கொண்ட ஃபெடரல் வங்கி 2023 ஜூலையில் அதைச் செய்தது. பொதுமக்களிடம் விண்ணப்பம் கேட்கவில்லை. பரஸ்பர நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெரிய முதலீட்டாளர்களுக்கு மட்டும் பங்கு 131.90 ரூபாய் வீதம் சுமார் 23 கோடி புதிய பங்குகளை விற்று, ஒரு சில நாட்களில் ஏறத்தாழ 3,040 கோடி ரூபாய் திரட்டியது. சந்தையில் இதை கியூஐபி என்பார்கள். நம் நிறுவனங்கள் பணத்துக்காக வெளிநாட்டுச் சந்தைகளுக்கு ஓடுவதைக் குறைக்க 2006-ல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி திறந்துவிட்ட வழி இது. விலையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. முந்தைய இரண்டு வாரச் சந்தை விலையின் சராசரிதான் அடிப்படை. பங்குதாரர்கள் சம்மதித்தால் 5 சதவீதம் வரை குறைக்கலாம்.

குறிப்பிட்ட ஒருவருக்கோ சிலருக்கோ மட்டும் கொடுப்பது முன்னுரிமை ஒதுக்கீடு. 2025 அக்டோபரில் அதே வங்கியின் இயக்குநர் குழு, பிளாக்ஸ்டோன் குழும நிறுவனம் ஒன்றுக்குத் தலா 227 ரூபாயில் சுமார் 27 கோடி வாரன்ட்டுகள் தர ஒப்புக்கொண்டது. மொத்தம் 6,196 கோடி ரூபாய். வாரன்ட்டில் கால்பங்குப் பணத்தை முதலிலேயே கட்ட வேண்டும். மீதியை 18 மாதங்களுக்குள் கட்டினால் அது பங்காக மாறும், கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும்.

சிறு பங்குதாரருக்கு என்ன ஆகிறது? 2023-க்கு முன் வங்கியின் பங்குகள் சுமார் 211 கோடி. கியூஐபிக்குப் பின் அவர் கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் வங்கியில் அவருக்கிருந்த உரிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பகுதி சுருங்கியது. புதிய மூலதனத்தைக் கொண்டு வங்கி கூடுதலாகக் கடன் கொடுத்து லாபம் பார்த்தால்தான் அது ஈடாகும்.

திருச்சூரின் சவுத் இந்தியன் வங்கி 2024 மார்ச்சில் வேறு வழியில் போனது. நான்கு பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு புதிய பங்கை 22 ரூபாய்க்கு, சந்தை விலையைவிடக் குறைவாக, உரிமைப் பங்காகக் கொடுத்து சுமார் 1,151 கோடி ரூபாய் திரட்டியது. நாள் பிடிக்கும் வழிதான். ஆனாலும் பழைய பங்குதாரரை முதலில் கேட்கும் வழி இதுவே. என் ஓட்டு இதற்குத்தான்.

கியூஐபிக்கும் முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கும் சிறப்புத் தீர்மானம் தேவை: எதிராக ஒரு ஓட்டு விழுந்தால் ஆதரவாகக் குறைந்தது மூன்று விழ வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கான அறிவிப்பு பங்குதாரருக்கு மின்னஞ்சலில் வருகிறது. எவ்வளவு தொகை, எதற்காக என்பதும், முன்னுரிமை ஒதுக்கீடானால் யாருக்கு, என்ன விலைக்கு என்பதும் அதிலேயே இருக்கும். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாக்களிக்கலாம்.