அம்முகூடாவின் பலராம்

செகந்திராபாத்திலிருந்து பொலாரம் போகும் ரயிலில் ஏறினால், மல்காஜ்கிரி தாண்டி அம்முகூடா என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அந்த வழியாக நான் பல ஆண்டுகள் போய் வந்திருக்கிறேன். இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் அங்கே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. சொன்னவர், லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் பெரியப்பா. "துளசிதாஸ் பலராம் யாருன்னு நினைச்சே? நம்ம பையன்டா!" என்பார்.

ஏழைக் குடும்பம். போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, கால்பந்து பூட்ஸாக மாற்றிக்கொண்டதாகப் பலராமே சொல்லியிருக்கிறார். ஹைதராபாத்தின் மாபெரும் பயிற்சியாளர் ரஹீம் சாப் கண்ணில் பட்டார், வாழ்க்கை மாறியது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல். (அதே அணியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான்!) 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம், அதே ஆண்டு அர்ஜுனா விருது.

1957 முதல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடினார். 1961இல் அதன் கேப்டன். ஆனால் 1963இல், 27 வயதுகூட நிறையாத நிலையில், நுரையீரல் நோயால் ஆட்டத்தையே விட வேண்டி வந்தது. மற்றவர்கள் உச்சத்துக்கு வரும் வயது அது.

நோயை அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். மனிதர்களைத்தான் மன்னிக்கவில்லை. எந்தக் கிளப்புக்காக ஓடி ஓடி உழைத்தாரோ, அதன் நிர்வாகிகள் தன்னை அவமதித்துவிட்டார்கள் என்பது அவருடைய ஆறாத புண். தான் இறந்தால் உடலை அந்தக் கிளப்புக்குக் கொண்டு போகக் கூடாது என்றே சொல்லி வைத்திருந்தார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரையும் ஒரே மூச்சில் சொல்வது அந்தக் கால வழக்கம். சுனிக்கு 1983இல் பத்மஸ்ரீ; பி.கே.வுக்கு 1990இல் பத்மஸ்ரீ. மூன்றாமவருக்கு வரவே இல்லை. கசப்பு வராமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

இதே ஊரின் இன்னொரு மகனை நினைத்துப் பார்க்கிறேன். சூதாட்டப் புகாரில் 2000இல் கிரிக்கெட் வாரியம் அசாருதீனுக்கு ஆயுள் தடை போட்டது. 99 டெஸ்டுகளோடு அவர் ஆட்டம் நின்றது. அவர் வழக்காடினார், 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. புகார் என்று ஒன்று இருந்ததால் அவருக்கு ஒரு கோர்ட்டும் இருந்தது. பலராம் மீது யாரும் எந்தப் புகாரும் சொல்லவில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அதற்கு எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?

கல்கத்தாக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்த் தமிழர்கள் சிலர் கூடி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார் என்று பேசினோம். பெரியப்பா எழுந்து, "பலராமைக் கூப்பிடுங்க. உத்தர்பாராவில் தனியா இருக்கார், கல்யாணம்கூடப் பண்ணிக்கலை. பிறந்த மண்ணுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகட்டுமே" என்றார். ஒருவர் ரயில் செலவு, ஓட்டல் செலவு என்று கணக்குப் போட்டார். இன்னொருவர், சென்னையிலிருந்து ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் வந்தால் கூட்டம் சேரும் என்றார். அதற்குக் கைதூக்கியவர்களில் அடியேனும் ஒருவன். பெரியப்பா ஒன்றும் பேசாமல் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

2023 பிப்ரவரி 16ஆம் தேதி, 86 வயதில், கல்கத்தாவில் பலராம் காலமானார். அதற்கு வெகு முன்பே பெரியப்பா போய்விட்டார். செய்தியைப் படித்த அன்று பழைய கூட்டக் குறிப்பு நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'திரு. பலராம் அவர்களை அழைப்பது குறித்து அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்.' அடுத்த ஆண்டுப் பக்கங்களையும் புரட்டினேன். அவர் பெயர் இல்லை.