கொடைக்கானல் வாரத்தை எந்தத் தளத்தில் வாடகைக்கு விடுவது?

கொடைக்கானலில் உள்ள ஒரு ரிசார்ட்டில் எனக்கு ஆண்டுதோறும் ஒரு வாரம் உண்டு. மே மாதம், ஏழு இரவுகள், நான்கு பேர் தங்கலாம். இதைத்தான் டைம்ஷேர் என்கிறார்கள். போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். சென்ற ஆண்டு எங்களால் போக முடியவில்லை. கட்டிய 16,000 ரூபாய் வீணாகப் போகிறதே என்று, வாடகைக்கு விடும் எண்ணத்துடன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

தேடுதல் தளத்தில் டைம்ஷேர் ரென்டல் என்று டைப் செய்தால் வெப்சைட்கள் வரிசை கட்டி வருகின்றன. அவற்றைத் திறக்கும் முன் உங்கள் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம், வாடகைக்கு விடக் கூடாது என்று சில கிளப்கள் விதி வைத்துள்ளன. ஆர்.சி.ஐ., இன்டர்வல் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் மூலம் பரிமாற்றம் செய்து பெற்ற வாரத்தை வாடகைக்கு விட அனுமதி இல்லை. நான் ரிசார்ட்டுக்கு இமெயில் அனுப்பிக் கேட்டேன். விருந்தினர் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும் என்று பதில் வந்தது. அந்த மெயிலை பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ரெட்வீக், டைம்ஷேர் யூசர்ஸ் குரூப் ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்ட அமெரிக்கத் தளங்கள். இரண்டாவது 1993 முதல் இயங்குகிறது. உரிமையாளரும் வாடகைக்கு வருபவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். புளோரிடாவில் வாரம் வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். எனக்குப் பயனில்லை. கொடைக்கானலுக்கு வரப்போகும் குடும்பம் மதுரையிலோ கோவையிலோ அல்லவா இருக்கும்?

ஏர்பிஎன்பி தளத்தில் விருந்தினர் வந்து தங்கிய பிறகுதான் பணம் நம் கைக்கு வரும். இரு தரப்புக்கும் அது பாதுகாப்பு. ஆனால் ஆண்டுக்கு ஒரு வாரத்துக்காக அடையாளச் சான்று கொடுத்து, கமிஷனும் கொடுத்து ஒரு அக்கவுண்ட் நடத்த எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்து, எல்லாப் பொருட்களும் விற்கும் ஒரு பெரிய வரி விளம்பரத் தளத்தில் போட்டேன். செலவில்லை. ஒரே நாளில் 11 அழைப்புகள்! பாதிப் பேர் வீடு விற்பனைக்கு என்று நினைத்துப் பேசினார்கள். ஒருவர் பேரமே பேசவில்லை. "முழுப் பணமும் இப்பவே அனுப்புறேன் சார், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்றார். ஸ்கேன் செய்துவிட்டேன். பின் நம்பர் கேட்கும் கட்டத்தில்தான் விழித்துக்கொண்டேன். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எப்போதுமே தேவையில்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

மறுநாள் இன்னொரு அழைப்பு. ஆள் தயாராக இருக்கிறார், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள் என்றது ஒரு நிறுவனம். வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்கள். உலகம் முழுவதும் டைம்ஷேர் உரிமையாளர்களைப் பிடிக்கும் தூண்டில் இதுதான். மெக்சிகோவில் இப்படி அமெரிக்கர்களை ஏமாற்றியவர்கள் மீது 2023ல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது.

கடைசியில் பலன் தந்தது, அதே ரிசார்ட்டின் உரிமையாளர்கள் நடத்தும் பேஸ்புக் குழு. சேரும் முன் இரண்டு விஷயம் பார்த்தேன். உறுப்பினர்களை விசாரித்துத்தான் சேர்க்கிறார்களா? பழைய பதிவுகள் பல ஆண்டுகளுக்கு இருக்கின்றனவா? வந்த விசாரிப்புகள் மூன்றே மூன்று. மூவருக்கும் டைம்ஷேர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

விளம்பரத்தை முதலில் நோட்பேடில் எழுதிச் சரிபார்த்து, பிறகு காப்பி செய்து ஒட்டினேன். வருகை தேதி, புறப்படும் தேதி, எத்தனை பேர், சமையலறை உண்டா என்பதெல்லாம் முதல் நான்கு வரிகளில் வந்துவிட வேண்டும். ரிசார்ட் தளத்தின் படங்களை எடுத்துப் போடாதீர்கள். நீங்கள் எடுத்த போட்டோக்களே நல்லது. சான்றிதழை ஸ்கேன் செய்து போட வேண்டியிருந்தால் உறுப்பினர் எண்ணை பெயின்ட் புரோகிராமில் மறைத்துவிடுங்கள். அதே தேதிகளுக்கு ரிசார்ட் தளம் 56,000 ரூபாய் காட்டியது. நான் 26,000 கேட்டேன்.

எடுத்துக்கொண்டவர் திருநெல்வேலியைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் கொடுத்த போன் நம்பரை அவர் நம்பவில்லை! ரிசார்ட் வெப்சைட்டில் இருந்த எண்ணுக்கு அவரே பேசி, தம் பெயரில் பதிவு இருப்பதை உறுதி செய்த பிறகுதான் பாதிப் பணம் அனுப்பினார். மீதி, சாவி வாங்கிய அன்று மாலை வந்தது.

ஒன்றை மட்டும் விளம்பரத்தில் விட்டுவிட்டேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. "கார் நம்பர் போட்டு நானே எடுத்துட்டேன், நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார் அந்த அம்மா. நோட்பேட் பைலைத் திறந்து, ஐந்தாவது வரியாக அதைச் சேர்த்து சேவ் செய்துவிட்டேன்.