பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணக் கணக்கு: வணிகர்கள் செய்யக்கூடிய ஒரு பணி



கடைத்தெருவில் நாம் அடிக்கடி பேசிக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. பிளஸ் டூ முடித்து வேலைக்கு வரும் பையன் கம்ப்யூட்டரில் வேகமாக பில் போடுகிறான். ஆனால் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் விழிக்கிறான். முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே தவணையில் செல்போன் வாங்கிவிட்டு, அடுத்த மாதம் முன்பணம் கேட்டு நிற்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் யார் என்பதே கேள்வி.

பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில் பணமும் கடனும் பற்றிய பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அரசாங்கமும் வரிகளும் என்ற பாடம் இருக்கிறது. ஆனால் அவை பரீட்சைக்குப் படிக்கும் பாடமாகவே நின்றுவிடுகின்றன. மேல்நிலையில் வணிகவியல் எடுப்பவருக்குக் கணக்குப்பதிவியல் உண்டு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. முன்பு பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் நடந்தது. நாலணா, எட்டணா கொண்டுவந்து கட்டிய பிள்ளைக்குப் பாஸ் புத்தகத்தில் வரவு வைத்துப் பார்க்கும் பழக்கம் அதில் வந்தது.

இந்தக் கல்வி நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்தின் தென்பகுதி செட்டிநாட்டைச் சேர்ந்தது. பர்மா, மலாயா, இலங்கையில் லேவாதேவி செய்த நகரத்தார் கடைகளில் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். பேரேடு எழுதவும் வட்டி போடவும் பார்த்துப் பார்த்துப் பழகி, பின்பு அடுத்தாளாவான். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். எழுத்தோடு எண்ணும் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். கல் குவாரிகளைக் குழுவாகக் குத்தகை எடுத்து நடத்தினார்கள். கணக்குத் தெரிந்தால் கூலிக்காரர் நிலை மாறும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் நான்கு வகுப்புகள் எடுக்கலாம் என்பது என் யோசனை. என்ன சொல்லிக் கொடுப்பது என்பதையும் எழுதுகிறேன்.

முதல் வகுப்பு, விலை. கீரமங்கலத்துப் பூ முகூர்த்த நாளில் ஏறுவதும் ஆடி மாதத்தில் இறங்குவதும் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது வரத்து என்றால் என்ன என்பதைப் பல குடும்பங்கள் அனுபவித்தே அறிந்தன. தேவை, வரத்து என்ற இரண்டு சொற்களை இதைக் கொண்டே விளக்கலாம்.

இரண்டாம் வகுப்பு, லாபம். கல்லாவில் உள்ள பணமெல்லாம் முதலாளியுடையது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாள் விற்பனை 10,000 ரூபாய். அதில் பத்து சதவீதம் என்றால் 1,000 ரூபாய். வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம், சேதாரம் என்று 700 போனால் மிச்சம் 300தான். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். கூடவே ஒரு பில்லைப் படிக்கச் சொல்ல வேண்டும். 100 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால் 9 ரூபாய் மத்திய அரசுக்கும் 9 ரூபாய் மாநில அரசுக்கும் போகிறது. அது நம் லாபத்தில் சேர்வதல்ல.

மூன்றாம் வகுப்பு, வட்டி. இதுதான் முக்கியம். 72-ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறக்குறைய வரும். 6 சதவீதச் சேமிப்பு 12 ஆண்டில் இரட்டிப்பாகும். நூற்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதக் கடனில் வட்டியைக் கட்டாமல் விட்டால் மூன்றே ஆண்டில் கடன் இரட்டிப்பாகும். அடுத்து தண்டல் கணக்கு. 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி 8,500-ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஆகவே உண்மை வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்துக்கும் மேல். செல்போனில் உடனடிக் கடன் தரும் பல செயலிகளிலும் இப்படித்தான் முன்கூட்டியே கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காம் வகுப்பு, பணத்தை எங்கே வைப்பது. மாதம் 30 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்திடம் சுமார் ஒரு லட்சம் பேர் ஏறத்தாழ 2,400 கோடி ரூபாய் கட்டியதாக 2022-இல் தொடங்கிய வழக்கில் காவல்துறை கூறியது. அரிசியிலும் எண்ணெயிலும் இரண்டு மூன்று சதவீதத்துக்கு நாம் படும் பாடு நமக்குத் தெரியும். மாதம் முப்பது எந்தத் தொழிலில் வரும் என்ற ஒரே கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும், பல குடும்பங்கள் தப்பும். வங்கி மூழ்கினாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 முதல் இந்த அளவு. பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் தானே கணக்கு நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலும் 2025-இலும் சொல்லியிருக்கிறது. தபால் நிலையத்திலும் இந்த வசதி உண்டு.

வகுப்புக்குப் போகிறவர்கள் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். தலைமை ஆசிரியரின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. சீட்டு, பாலிசி, கடை விளம்பரம் எதையும் பள்ளிக்குள் கொண்டுபோகக் கூடாது. சொந்தமாகச் சீட்டு நடத்துபவரும் வட்டிக்கு விடுபவரும் இந்தப் பணியில் ஒதுங்கி நிற்பதே மரியாதை. எந்தப் பிள்ளையிடமும் வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்கக் கூடாது. பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தண்டல் கணக்கைப் போட்டுக் காட்டினால் அதுவே போதும்.

இதனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கந்துவட்டியில் மாட்டிய குடும்பம் நம் கடையிலும் பாக்கி வைக்கும். கணக்குத் தெரிந்த குடும்பம் வாங்கியதைக் குறித்த நாளில் கொடுக்கும். நாளை நம் கடையில் நிற்கப்போகும் பையனும், தனிக் கடை போடப்போகும் பெண்ணும் இன்று அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 30 உலக சிக்கன நாள். அந்த வாரத்தில் ஊருக்கு ஒரு பள்ளி என்று தொடங்கலாம். விருப்பமுள்ள உறுப்பினர்கள் தங்கள் ஊர்ச் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.